21ஆம் நூற்றாண்டு திறன் கிளாஸ்: 10 சனிக்கிழமை, 1,024 வெள்ளி 60 காசு

முதல்லயே சொல்லிடறேன், எங்க பொண்ண இந்த கிளாஸ்ல சேத்த டியூஷன் சென்டர் பேர் போட மாட்டேன். பயம்லாம் இல்ல, இதே பேக்கேஜ இதே மாதிரி விக்கிற இடம் நம்ம சிங்கப்பூர்ல நிறைய இருக்கு, ஒருத்தர் பேர மட்டும் போட்டா மத்தவங்கல்லாம் யோக்கியம்னு ஆயிடும். வடகிழக்கு பக்கம் ஒரு மால், மூணாவது மாடி, ஒரு பக்கம் பல் டாக்டர், இன்னொரு பக்கம் பியானோ கிளாஸ், நடுவுல கண்ணாடி கதவு. கதவுல பெருசா 'உலகமயமான உலகத்துக்கு உங்க பிள்ளை ரெடியா?'ன்னு ஒட்டியிருக்கும். அத படிச்சிட்டு நான் ஏன் உள்ள போனேன்னு வீட்டுக்காரர் இன்னும் கேட்டுட்டுதான் இருக்காரு.

பதில் இருக்கு. எங்க பொண்ணு 2024ல செக் 1, அதாவது உயர்நிலை 1 போன பேட்ச். அந்த பேட்ச்ல இருந்துதான் எக்ஸ்பிரஸ், நார்மல் அகாடமிக், நார்மல் டெக்னிக்கல்னு பிரிச்சு வச்சிருந்தத எல்லாம் தூக்கிட்டு ஃபுல் எஸ்பிபி கொண்டு வந்தாங்க, பாடத்துக்கு பாடம் தனித்தனி லெவல், ஜி1 சுலபம், ஜி3 கஷ்டம்னு. பிஎஸ்எல்இ மார்க்க வச்சு பிரிக்கற மூணு போஸ்டிங் குரூப்ல இவ 2, தமிழும் சயின்ஸும் ஜி3, மேத்ஸ் ஜி2. 2027ல எழுதப்போறது பழைய 'ஓ' (O) லெவலும் இல்ல 'என்' (N) லெவலும் இல்ல, எல்லாருக்கும் ஒரே சர்டிஃபிகேட், எஸ்இசின்னு பேரு. முதல் பேட்ச்னா யார்கிட்ட போய் கேக்கறது சொல்லுங்க, அக்கா பொண்ணு இல்ல, பக்கத்து வீட்டு அண்ணன் இல்ல, யாருமே இத எழுதினதில்ல. மிட் இயர் பரீட்சையும் 2023லயே எல்லா லெவல்லயும் எடுத்தாச்சு, வெயிட்டட் அசெஸ்மென்ட்னு சின்ன டெஸ்ட் மட்டும் அப்பப்ப வரும், பிள்ள எங்க நிக்குதுன்னே நமக்கு புரியறதில்ல. இந்த புரியாத இடத்துலதான் அந்த கண்ணாடி கதவு நிக்குது.

வீட்டுக்காரர் இங்கயே பொறந்து படிச்சவர். "இதெல்லாம் புதுசா? 1997ல நான் செக் 2 படிக்கும்போது அப்ப பிரதமரா இருந்த கோ சோக் தோங் 'சிந்திக்கும் பள்ளிகள், கற்கும் தேசம்'னாரு, 2004ல அடுத்த பிரதமர் லீ சியன் லூங் 'கம்மியா சொல்லிக்கொடு, நிறைய கத்துக்கட்டும்'னாரு, ஒவ்வொரு தடவையும் டியூஷன்காரன்தான் முதல்ல கத்துக்கறான்"னாரு. நான் கேக்கல. கேட்டிருக்கலாம்.

சரி விலை. போஸ்டர்ல 880 வெள்ளி, 10 கிளாஸ், ஒவ்வொண்ணும் 2 மணி நேரம். கவுண்டர்ல உக்காந்ததும் மெட்டீரியல் ஃபீஸ் 60ன்னாங்க, அப்புறம் அதுக்கு மேல ஜிஎஸ்டி 9 விழுக்காடு, ஆக மொத்தம் 1,024.60. மணிக்கு 51 வெள்ளி சொச்சம். இங்க ஒண்ணு தெரிஞ்சுக்குங்க, ஜிஎஸ்டி ரெஜிஸ்டர் பண்ண கடை போஸ்டர்ல போடற விலை ஜிஎஸ்டி சேத்த விலையாத்தான் இருக்கணும், சர்வீஸ் சார்ஜ் போடற ஹோட்டல் ரெஸ்டாரண்ட்டுக்குத்தான் விதிவிலக்கு. அந்த பொண்ணுகிட்ட சொன்னேன். சிரிச்சிட்டு பணம் கட்டற பேநவ் க்யூஆர நீட்டிச்சு. இன்னொண்ணு, சுவத்துல 'கல்வி அமைச்சில் பதிவு பெற்றது'ன்னு ஃபிரேம் போட்டு மாட்டியிருக்காங்க. பத்து பிள்ளைங்களோ அதுக்கு மேலயோ வச்சு நடத்தற சென்டர்னா பதிவு பண்ணித்தான் ஆகணும், அது சட்டம். அவங்க சொல்லிக்கொடுக்கறது நல்லாருக்குன்னு அமைச்சு கையெழுத்து போட்டதா அர்த்தம் இல்ல. நான் போன அன்னிக்கு எனக்கு அந்த ஃபிரேம்தான் தைரியம் குடுத்துச்சு, ஒத்துக்கறேன்.

முதல் கிளாஸ்ல ஒரு வட்டத்த குடுத்து கலர் அடிக்க சொல்லியிருக்காங்க. செக் 2 பிள்ளைங்கள. அது கல்வி அமைச்சோட 21சிசி படம், 21ஆம் நூற்றாண்டு திறன் எல்லாத்தையும் ஒரே வட்டத்துல காட்டறது, 2010ல வந்தது, ஸ்கூல்ல காரிடார் சுவத்துலயே ஒட்டியிருப்பாங்க, மீட் த பேரண்ட்ஸ் அன்னிக்கு பாத்திருப்பீங்க. நடுவுல விழுமியங்கள், மரியாதை, பொறுப்பு, மீள்திறன், நேர்மை, பரிவு, நல்லிணக்கம். அத சுத்தி தன்னைத் தானே புரிஞ்சுக்கறது, அடுத்தவங்கள புரிஞ்சுக்கறது மாதிரி அஞ்சு. வெளி வட்டத்துல மூணு, யோசிக்கற திறன், பேசி பழகி சேந்து வேலை செய்யற திறன், அப்புறம் குடிமை, உலகம், பல பண்பாடு பத்தின அறிவு. படத்துல தப்பே இல்ல, எனக்கு ரொம்ப பிடிச்ச படம் அது. ஆனா அத அவங்க பாடமா வச்சிட்டாங்க. எந்த கலர் எந்த திறன், ஒவ்வொண்ணுக்கும் டெஃபினிஷன், மூணாவது வாரம் க்விஸ். பொண்ணு 18/20 வாங்கிட்டு வந்து, "மா, நான் மீள்திறன்ல ரெண்டு மார்க் விட்டுட்டேன்"னா. எனக்கு சிரிப்பு தாங்கல, அவளுக்கும்.

நாலாவது வாரம் உலக பண்பாடு. இத கொஞ்சம் விலாவாரியா சொல்லணும். எட்டு பிள்ளைங்க ஒரு குரூப், ஆளுக்கு ஒரு நாடு. இந்தியான்னு வந்ததும் எல்லாரும் எங்க பொண்ண பாத்திருக்காங்க, டிரெயினரும்தான். இவ இங்க கேகே ஆஸ்பத்திரில பொறந்தவ. இந்தியான்னா அவளுக்கு தஞ்சாவூர்ல அம்மாச்சி வீடு, டிசம்பர் லீவு, கொசு, அம்மாச்சி குடுக்கற அதிரசம், அவ்ளோதான். அவகிட்ட போய் "உங்க நாட்டு தீபாவளி பத்தி சொல்லு"ன்னிருக்காங்க. நம்ம தேக்கால, லிட்டில் இந்தியாவுல, லைட் போடறத பத்தி சொல்லியிருக்கா. இல்ல இல்ல இந்தியாவுல எப்படின்னு கேட்டிருக்காங்க. தெரியல, நான் தீபாவளிக்கு அங்க போனதே இல்ல, ஸ்கூல் இருக்கும்லன்னிருக்கா. அப்புறம் கூகுள்ல பாத்து ஒரு ஸ்லைடு. அடுத்த வாரம் ஆளுக்கு ஒரு சாப்பாடு கொண்டு வரணும், நான் முறுக்கு குடுத்து விட்டேன், அது தீந்துடுச்சாம், அந்த செஷன்ல உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான். இவ ஸ்கூல்ல ஃபார்ம் கிளாஸ்ல மூணு போஸ்டிங் குரூப்பும் கலந்துதான் உக்காருதுங்க, மலாய்ப் பிள்ளைங்க, சீனப் பிள்ளைங்க, மணிப்பூர்ல இருந்து வந்த ஒரு பையன். அந்த பையனுக்கு தமிழும் தெரியாது இந்தியும் சரியா வராதுன்னு இவ வந்து ஆச்சரியமா சொன்னா. இந்தியான்னா என்னன்னு அவ தானா யோசிச்ச நாள் அதுதான், அதுக்கு மெட்டீரியல் ஃபீஸ் எதுவும் கட்டல.

இப்ப மெயின் விஷயம், ப்ராஜெக்ட். இதுக்காகத்தான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

அஞ்சாவது வாரத்துல இருந்து குரூப் ப்ராஜெக்ட். தலைப்பு சென்டரே குடுக்கும்: 'ஹாக்கர் சென்டர்ல மக்கள் ஏன் தட்ட திருப்பி வைக்க மாட்டேங்கறாங்க?' கேள்விய பாருங்க. 2021 செப்டம்பர்ல இருந்து ஹாக்கர் சென்டர்ல, அதாவது நம்ம உணவங்காடில, சாப்பிட்ட தட்ட எடுத்து வைக்கறது கட்டாயம், 2022 ஜனவரில இருந்து கோப்பிக்கடை, ஃபுட் கோர்ட்டுக்கும் வந்துடுச்சு. முதல் தடவை எழுத்துல எச்சரிக்கை, ரெண்டாவது தடவை 300 வெள்ளி. அதுக்கு முன்னாடி போட்ட தலைப்பு போல, யாரும் மாத்தல.

அந்த வாரம் ரெகுலர் டிரெயினர் லீவு, மூணு வாரத்துக்கு ஒரு தம்பி வந்தாரு. என்எஸ், அதான் தேசிய சேவை, முடிச்சிட்டு யூனிவர்சிட்டிக்கு காத்துட்டு இருக்கறவரு, இருபத்தி ஒண்ணு இருபத்தி ரெண்டு வயசு இருக்கும். அவரு வந்ததும் ஸ்லைட ஆஃப் பண்ணிட்டு, "நேர்ல போய் எண்ணிட்டு வாங்க, அப்புறம் பேசலாம்"னிருக்காரு. பேரண்ட்ஸ்கிட்ட வாட்ஸ்அப்ல அனுமதி கேட்டாரு, நாங்க ரெண்டு அம்மா கூட போனோம். மதியம் பன்னெண்டே கால்ல இருந்து ஒரு மணி வரைக்கும், பக்கத்து ஹாக்கர் சென்டர்ல ஒரு மூலைல ஆளுக்கு ஒரு டே பெங், ஐஸ் டீ, வாங்கிக்கிட்டு உக்காந்துச்சுங்க, ஒரு நோட்டுல கோடு போட்டு எண்ணிட்டே. 57 பேர் எழுந்தாங்க, அதுல 51 பேர் தட்ட எடுத்துட்டு போனாங்க. மீதி ஆறு பேர்ல ஒரு தாத்தா கைத்தடியோட, ஒரு அம்மா கைல குழந்தை, ஒருத்தர் போன்ல சண்டை போட்டுக்கிட்டே போயிட்டாரு.

அதோட முடியல. பன்னெண்டு நாப்பதுக்கு தட்டு வைக்கற ராக் ஃபுல். தட்டோட ஏழெட்டு பேர் நிக்கறாங்க. ஹலால் தட்டுக்குன்னு ராக் தனியா இருக்குல்ல, அதுல பாதி காலி, ஆனா மத்த தட்ட அங்க வைக்கக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும், அதனால யாரும் வைக்கல, இங்க ஃபுல்லான ராக்குக்கு மேல அடுக்கறாங்க. ஒரு கிளீனர் ஆன்ட்டி, ஒரே ஆளு, வண்டிய தள்ளிட்டு வர்றதுக்குள்ள மேல அடுக்கினது ஒண்ணு சரிஞ்சு சூப்பு கீழ கொட்டிடுச்சு. எங்க பொண்ணு அத உக்காந்த இடத்துல இருந்து வரைஞ்சா, ராக் எங்க, தூண் எங்க, ஆள் எந்த பக்கமா வர்றாங்க, எங்க முட்டிக்கறாங்க. ராக்க தூணுக்கு அந்த பக்கம் வச்சா வரிசை நடைபாதைய மறைக்காதுன்னு மலாய்ப் பையன் ஒருத்தன் சொன்னான். இல்ல அங்க வச்சா கிளீனர் ஆன்ட்டிக்கு தூரம் ஜாஸ்தின்னா இவ. ரெண்டும் கால் மணி நேரம் சண்டை. அப்புறம் எழுந்து போய் அந்த ஆன்ட்டிகிட்டயே கேட்டுச்சுங்க, இதுங்க சீனம் பேசற ஒரு பொண்ண முன்னாடி விட்டு. ஆன்ட்டி என்ன சொன்னாங்க தெரியுமா, ராக்க எங்கயாவது வைங்க, பன்னெண்டரைக்கு இன்னொரு ஆள் குடுங்கன்னாங்க.

நான் அப்படியே பாத்துட்டே இருந்தேன். காசு குடுத்தது வீண் போகலன்னு அன்னிக்கு நெனச்சேன். அந்த மூணு வாரத்துக்கு மட்டும்னா நான் 5க்கு 5 குடுப்பேன்.

எட்டாவது வாரம் ரெகுலர் டிரெயினர் திரும்பி வந்தாங்க. பிள்ளைங்க கணக்க காட்டியிருக்கு. டெம்ப்ளேட்டுல முதல் கட்டம் 'பிரச்சனை', அதுல ஏற்கனவே எழுதி இருக்கறது 'மக்கள் தட்ட திருப்பி வைப்பதில்லை'. 57ல 51 பேர் வைக்கறாங்களேன்னு இதுங்க கேட்டிருக்கு. சாம்பிள் சின்னது, அத விட்டுடுங்க, ஒரிஜினல் பிரச்சனையோடயே போங்க, ஷோகேஸுக்கு டைம் இல்லன்னுட்டாங்க. காரணம்ங்கற கட்டத்துல 'விழிப்புணர்வு இல்லை'. தீர்வுங்கற கட்டத்துல ஆப். நாலு குரூப் இருந்துச்சு, நாலுக்கும் தீர்வு ஆப்தான். ஒண்ணு பாயிண்ட் குடுக்கற ஆப், ஒண்ணு நினைவூட்டற ஆப், மத்த ரெண்டு எனக்கு மறந்தே போச்சு. காருக்குள்ள வந்து உக்காந்ததும் பொண்ணு, "மா, நாங்க எண்ணினது இது இல்லையே"ன்னா. நான் ஒண்ணும் சொல்லல, சிக்னல்ல நின்னுட்டு இருந்தோம், என்ன சொல்றதுன்னு தெரியல.

ஷோகேஸ் அன்னிக்கு பேரண்ட்ஸ் எல்லாம் வந்திருந்தோம், கரிபாப் வச்சிருந்தாங்க, ஜில்லுனு ஏசி. ஒவ்வொரு பிள்ளையும் கடைசில ஒரு கார்ட பாத்து படிச்சுது: இந்த ப்ராஜெக்ட்ல நான் மீள்திறனை வெளிப்படுத்தினேன், குழுவாகச் செயல்பட்டேன், உலகளாவிய பார்வையைப் பெற்றேன். எங்க குரூப்ல ஏழு பிள்ளைங்க அதே வாக்கியம், வார்த்தை மாறல. எட்டாவது பையன் கார்ட தொலைச்சிட்டான் போல, "நாங்க நிறைய சண்டை போட்டோம், ஆனா ஓகே"ன்னுட்டு எறங்கிட்டான். கை தட்டினது அவனுக்குத்தான் ஜாஸ்தி, அவனோட அம்மா மட்டும் தலைய குனிஞ்சுக்கிட்டாங்க, பாவம். முடிஞ்சதும் ரிப்போர்ட். ஒவ்வொரு திறனுக்கும் 'வளர்ந்து வருகிறது', 'திறமை பெற்றுள்ளது', 'சிறப்பு'ன்னு மூணு கட்டம், டிக். எங்க பொண்ணுக்கு 'தகவல்களை ஆராய்ந்து முடிவெடுத்தல்'ல வளர்ந்து வருகிறதாம். கணக்க மாத்த மாட்டேன்னு நின்னவளுக்கு. பக்கத்துல இருந்த ஒரு அப்பா, பாலிடெக்னிக்ல முன்கூட்டியே சேர விண்ணப்பிக்கற இஏஇக்கு இந்த ரிப்போர்ட போர்ட்ஃபோலியோல வைக்கலாமான்னு கேட்டுட்டு இருந்தாரு. வைக்கலாம் சார், அடுத்த லெவல் பேக்கேஜ்ல போர்ட்ஃபோலியோவே ரெடி பண்ணி குடுத்துடறோம்னு பதில் வந்துச்சு.

திறன் அடிப்படையிலான கல்விய நான் குறை சொல்றேன்னு நெனச்சுக்காதீங்க. மனப்பாடம் பண்ணி வளந்தவ நான், அதோட வலி எனக்கு தெரியும். ஆனா திறன்ங்கறது செய்யும்போது வர்றது. அதோட பேர மனப்பாடம் பண்ண வச்சா அது இன்னொரு சப்ஜெக்ட், அவ்ளோதான், நோட்ஸ் போட்டு வித்துடலாம். வித்துட்டுதான் இருக்காங்க. 2023 குடும்பச் செலவு கணக்கெடுப்புல நம்ம ஊர் டியூஷனுக்கு வருஷத்துக்கு 180 கோடி வெள்ளி செலவு பண்றதா வந்துச்சு, அதுல என்னோட ஆயிரமும் ஒரு ஓரத்துல இப்ப சேந்துருச்சு. இதுல வேடிக்கை என்னன்னா, பல நாட்டு 15 வயசு பிள்ளைங்களுக்கு வைக்கற பிசா டெஸ்ட் 2022ல படைப்பாற்றல் சிந்தனைன்னு தனியா ஒரு டெஸ்ட் வச்சாங்க, 60க்கு 41 வாங்கி முதல்ல வந்தது நம்ம பிள்ளைங்கதான். அப்படியும் நமக்கு பத்தல.

ஸ்கூல்ல சும்மா கிடைக்கறத நான் ஒழுங்கா பாத்ததே இதுக்கு அப்புறம்தான். எல்லா செகண்டரி ஸ்கூல்லயும் அப்ளைட் லேர்னிங் ப்ரோகிராம்னு, படிச்சத செஞ்சு பாக்கற பாடம் ஒண்ணு இருக்கு, உங்க பிள்ளையோட ஸ்கூல்ல அது என்னன்னு தெரியுமா? எனக்கு ஒன்றரை வருஷமா தெரியாது. தமிழ் வாய்மொழித் தேர்வையே எடுத்துக்குங்க, ஒரு வீடியோ போட்டு காட்டி, ஆசிரியர் எதுத்தாப்புல உக்காந்து, "நீ என்ன நெனக்கற, ஏன் அப்படி, உன் வீட்டுல எப்படி"ன்னு துருவி துருவி கேக்கறாங்க. போன டெர்ம் பயிற்சில இவ அந்த ஹாக்கர் சென்டர் கதைய சொல்லியிருக்கா, டீச்சர் விடல, அந்த ஆன்ட்டி கேட்ட இன்னொரு ஆளுக்கு யாரும்மா சம்பளம் குடுக்கறதுன்னிருக்காங்க. மூணு நாள் அத பத்தியே வீட்டுல பேச்சு. அந்த 51 கடைசில போய் சேந்த இடம் தமிழ் கிளாஸ்தான்.

ஆஃபீஸ்ல நைரோபில இருந்து வந்த ஒரு கலீக் இருக்காரு, அவருகிட்ட லஞ்ச்ல பொலம்பினேன். கென்யாவுல 2017ல இதே திறன் அடிப்படைப் பாடத்திட்டம் கொண்டு வந்தாங்களாம். அவரோட அண்ணி ராத்திரி பத்து மணிக்கு அட்டை, பசை, பழைய பாட்டில்னு தேடிட்டு அலைவாங்களாம், பிள்ளைக்கு ப்ராஜெக்ட், செய்யறது அம்மா. எங்க அக்கா பையன் திருச்சில சிபிஎஸ்இ, அங்கயும் திறன் கேள்விதான் பாதின்னு ஆயிடுச்சு, ஒரு சூழ்நிலைய குடுத்து கேள்வி கேக்கறாங்க, அதுக்கும் கைடு புக் வந்துடுச்சாம், அக்கா வாங்கிட்டா. உலகமயமாதல்னு போஸ்டர்ல போட்டிருந்தது இதுதான் போல.

மத்தபடி, டாய்லெட் சுத்தம், கவுண்டர் பொண்ணு மரியாதையா பேசும், ஏசிக்கு ஸ்வெட்டர் குடுத்து விடுங்க. லீவு போட்டா ரீப்ளேஸ்மென்ட் கிளாஸ் கிடையாது, ஃபார்ம்ல பின் பக்கம் சின்ன எழுத்துல இருக்கு.

என் ரேட்டிங் 5க்கு 2. அந்த ரெண்டும் அந்த தம்பிக்கு. மெட்டீரியல் ஃபீஸ் 60 வெள்ளிக்கு ஒரு ஃபோல்டரும் கலர் அடிக்கற வட்டமும்தான் வந்துச்சுன்னு மெயில் போட்டேன், கருத்துக்கு நன்றின்னு பதில் வந்துச்சு, அதுக்கப்புறம் செக் 3 பேக்கேஜுக்கு எர்லி பேர்ட் ஆஃபர் வாட்ஸ்அப்ல வந்துட்டே இருக்கு. அப்படியும் சேக்கறதா இருந்தா சனிக்கிழமை 2 மணி கிளாஸ் யாரு எடுக்கறாங்கன்னு முதல்ல கேளுங்க. நான் போன வாரம் போன் போட்டு கேட்டேன், அந்த தம்பி இனிமே வர மாட்டாராம், ஆகஸ்ட்ல அவருக்கு யூனிவர்சிட்டி தொடங்குதாம்.